ஏ2 என்று கருவி சொன்ன பிறகு

அன்புள்ள வாசகர்களுக்கு,

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு இந்தப் பக்கம் முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எழுதியவர் ஓர் ஆசிரியை. முன்பல் ஒன்று உடைந்து, வேர் சிகிச்சை முடிந்து, கேப் போடுவதற்காகக் காத்திருக்கிறார். பல் மருத்துவர் கையடக்கமான ஒரு கருவியின் முனையைப் பக்கத்துப் பல்லின்மேல் வைத்தாராம். அடுத்த நொடியே திரையில் ‘ஏ2’ என்று வந்ததாம். ‘டாக்டர் அதையே எழுதி லேபுக்கு அனுப்பிவிட்டார். மெஷின் சொல்வதை அப்படியே நம்பலாமா சார்?’ என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய கவலை நியாயமானது. நாள் முழுக்கப் பிள்ளைகள் முன்னால் நின்று வாய் திறந்து பேசுகிற வேலை அவருக்கு. கடைவாயில் போடும் கேப் சற்று நிறம் மாறி வந்தால் யார் கண்ணிலும் படாது. முன்பல்லில் அப்படி வந்துவிட்டால், சிரிப்பு வரும்போதெல்லாம் கை தானாக வாயை மறைக்கப் போகும். அப்படியே சிரித்துப் பழகிவிட்டவர்கள் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை அழகு பற்றிய சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அந்த ‘ஏ2’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியைச் சேர்ந்த வீட்டா நிறுவனம் 1956-இல் ஒரு ஷேட் கைடைக் கொண்டுவந்தது. பல் வடிவில் 16 மாதிரிகள், ஒரு பட்டையில் வரிசையாகச் செருகியிருக்கும். ஏ வரிசைக்குச் செம்பழுப்புச் சாயல், பி வரிசைக்குச் செம்மஞ்சள், சி வரிசைக்குச் சாம்பல், டி வரிசைக்குச் செஞ்சாம்பல். எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண் ஏற ஏற நிறம் அடர்ந்து, பல் மங்கும். இத்தனை ஆண்டுகள் ஆகியும் உலகத்தின் எந்த ஊர் பல் மருத்துவரிடம் ‘ஏ2’ என்றாலும் அவருக்குப் புரியும். 1998-இல் அதே நிறுவனம் 3டி-மாஸ்டர் என்ற இன்னொரு கைடை வெளியிட்டது. அதில் முதலில் பல் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு நிறத்தின் அடர்த்தி, கடைசியாகச் சாயல். நிறத்தை இப்படி மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழியை அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் ஒரு நூலாக எழுதினார்; 1931-இல் கிளார்க் என்ற பல் மருத்துவர் அதைப் பற்களுக்குப் பொருத்திப் பார்த்தார். மூன்றில் கனமானது வெளிச்சம்தான். சாயலில் சிறு பிசகு இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒரு பல் மட்டும் பளிச்சென்றோ மங்கலாகவோ நின்றால் எதிரில் இருப்பவர் பார்வை நேராக அங்கேதான் போகும்.

கைடைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாகத் தெரியும். எளிதில்லை. சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்கும்போது கடைக்குள் பொருந்திய துணி வாசல் வெயிலில் பொருந்தாமல் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பல்லுக்கும் செராமிக்குக்கும் இடையில் நடப்பதும் அதுவே. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். மருத்துவமனை நாற்காலிக்கு மேலே எரியும் விளக்கு, சுவரின் பச்சை, நோயாளி போட்டிருக்கும் லிப்ஸ்டிக், உடுத்தியிருக்கும் சிவப்புப் புடவை எல்லாமே கண் பார்ப்பதை மாற்றும். சில விநாடிகளுக்கு மேல் ஒரே பல்லை உற்றுப் பார்த்தால் கண் களைத்து, மஞ்சளை மஞ்சளாக உணர்வது குறைந்துவிடும். பார்ப்பவருக்கே நிறப்பார்வைக் குறை இருக்கவும் கூடும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் அது உண்டு. அவர்களில் பலருக்கு அது தெரியாமலேயே இருக்கும்.

மனிதக் கண்ணின் இந்தத் தடுமாற்றத்தை 2002-இல் ‘ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்’ இதழில் வந்த ஓர் ஆய்வு எண்ணாகவே காட்டியது. 30 பேருடைய மேல் முன்பற்களின் நடுப்பகுதியை மூன்று பேர் தனித்தனியாகக் கைடு வைத்துப் பார்த்து நிறம் சொன்னார்கள். மூவரும் ஒரே நிறத்தைச் சொன்னது 26.6 சதவீதப் பற்களுக்குத்தான். அதே பற்களை, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி என்ற கருவியால் மும்முறை அளந்தபோது 83.3 சதவீதப் பற்களுக்கு மூன்று முறையும் ஒரே விடை கிடைத்தது. இந்த முடிவைப் பார்த்த பிறகு கருவியே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லப்போவதில்லை.

ஆசிரியையின் பல்லில் வைக்கப்பட்ட கருவியும் பெரும்பாலும் நிறமாலைமானியாகத்தான் இருக்கும். அதன் முனையில் சொந்த விளக்கு இருக்கிறது. அறை வெளிச்சத்தை அது அதிகம் சார்ந்திருப்பதில்லை. பல்லில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கிறது. அந்த அளவை மூன்று எண்களாக மாற்றுகிறது: கருப்பிலிருந்து வெள்ளை வரை ஓர் எண், பச்சையிலிருந்து சிவப்பு வரை ஒன்று, நீலத்திலிருந்து மஞ்சள் வரை ஒன்று. 1976-இல் ஒளியமைப்புக்கான பன்னாட்டு ஆணையம் வகுத்த முறை இது. இரண்டு நிறங்களுக்கு இடையில் உள்ள தூரத்தை ‘டெல்டா ஈ’ என்பார்கள். 2015-இல் வெளியான, பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வின்படி, இந்தத் தூரம் 1.2 அளவில் இருக்கும்போது பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரிகிறது, 2.7 வரை போனாலும் பாதிப் பேர் ‘பரவாயில்லை’ என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் முன்பல் கேப்பின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

இனி ஆசிரியையின் கேள்விக்கு நேராக வருகிறேன். 2009-இல் ‘ஜர்னல் ஆஃப் பிராஸ்தெட்டிக் டென்டிஸ்ட்ரி’ இதழில் நான்கு கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஓர் ஆய்வு வந்தது. என் பார்வையில், இந்த விஷயத்தைப் பேசும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆய்வு அது. செயற்கை ஈறு பொருத்திய ஷேட் கைடு மாதிரிகளைக் கருப்புப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு மாதிரியையும் பத்து முறை அளந்தார்கள். ஒரே மாதிரிக்கு ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஷேட்விஷன் 99 சதவீதம், ஸ்பெக்ட்ரோஷேட் 96.9, ஈஸிஷேட் 96.4, ஷேட்ஸ்கேன் 87.4. அடுத்ததாக, சொன்ன விடை சரியா என்று பார்த்தார்கள். மாதிரியின் பெயர் ஏற்கெனவே தெரியும் என்பதால் இதைச் சரிபார்க்க முடிந்தது. ஈஸிஷேட் 92.6 சதவீதம், ஷேட்விஷன் 84.8, ஸ்பெக்ட்ரோஷேட் 80.2, ஷேட்ஸ்கேன் 66.8.

முதல் வரிசையில் முதலிடம் பிடித்த கருவி இரண்டாவது வரிசையில் அந்த இடத்தைத் தக்கவைக்கவில்லை. ஷேட்விஷன் நூற்றுக்கு 99 முறை தன் வாக்கை மாற்றவில்லை. ஆனாலும் ஏறத்தாழ ஏழு மாதிரிகளில் ஒன்றுக்குத் தவறான பெயரைச் சொன்னது. அதாவது அந்தத் தவறையும் அது மாறாமல், அதே உறுதியோடு சொல்லக்கூடியது. ‘மூன்று முறை வைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் ஏ2 வந்தது’ என்று ஒரு மருத்துவர் நம்மிடம் சொன்னால் நமக்கு நிம்மதியாக இருக்கும். கருவி தடுமாறவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. பல் உண்மையிலேயே ஏ2 தானா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

ஆய்வை நேர்மையாகச் சொல்வதென்றால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தக் கருவிகளில் சில இப்போது விற்பனையிலேயே இல்லை. ஈஸிஷேட்டின் புதிய தலைமுறைகள் வந்துவிட்டன. தவறில் ஒரு பங்கு கைடுகளையும் சேரும்: ஒரே பெயர் பொறித்த இரண்டு மாதிரிகள் வெவ்வேறு கைடுகளில் துளி வேறுபட்டிருப்பது உண்டு. இதற்கெல்லாம் மேலாக, அங்கே அளக்கப்பட்டவை சீரான செயற்கை மாதிரிகள். உமிழ்நீர் இல்லை, நாக்கு இல்லை, மூச்சு இல்லை. உயிருள்ள வாய்க்குள் வேலை இதைவிடக் கடினம்.

வாசகர்கள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஒரு வேறுபாடு இந்த எண்களுக்குள் இருக்கிறது. பல்லை வெண்மையாக்கும் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற வித்தியாசம்தான் தேவை. அங்கே கருவி தன் வாக்கு மாறாமல் இருந்தால் போதும். கொஞ்சம் தள்ளிச் சொன்னாலும் இரண்டு முறையும் அதே அளவு தள்ளிச் சொல்லும். ஆனால் இரண்டு முறையும் ஒரே கருவி இருந்தாக வேண்டும். ஒரு கிளினிக்கில் ஒரு கருவியால் எடுத்த எண்ணையும் வேறு ஊரில் வேறு கருவியால் எடுத்த எண்ணையும் கழித்துப் பார்ப்பதில் பொருள் இல்லை. கேப்புக்கு நிலைமை வேறு. லேபில் குழைத்துச் சுடப்படும் செராமிக்குக்கு அந்த எண்தான் கட்டளை. அங்கே சரியான விடை மட்டுமே உதவும்.

பல்லை அளப்பது ஏன் இவ்வளவு கடினம்? சுவருக்கு அடித்த பெயின்டை அளப்பது சுலபம். ஒளி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். பல்லின் எனாமல் ஒளியை உள்ளே விடுகிறது. உள்ளே போன ஒளி அடியில் உள்ள டென்டின் அடுக்கில் சிதறி, பக்கவாட்டில் பரவி, கருவி முனைக்கு வெளியே உள்ள இடத்தில் போய் வெளிப்படுகிறது. அந்த ஒளி கருவியின் கணக்கில் வராது. விளைவு, பல் உள்ளபடியே இருப்பதைவிட மங்கல் என்று கருவி நினைத்துக்கொள்கிறது. சிறிய முனையைப் பல்லோடு ஒட்டி வைத்து அளக்கும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். எனாமல் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் இளம் வயதினரின் வெட்டும் விளிம்பில் இன்னும் அதிகம். அங்கே பின்னால் இருக்கும் வாயின் இருட்டும் சேர்ந்துகொள்ளும். பல் வளைந்திருப்பதால் முனை சற்றுச் சாய்ந்தாலும் எண் மாறும். கருவியை அதன் வெள்ளைக் கட்டியில் வைத்துத் திருத்திக்கொள்ளாமல் அளந்தாலும் மாறும். தொற்று பரவாமல் இருக்க முனைக்குப் போடும் மெல்லிய உறையோடு சேர்த்தே அந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகும் படி இது.

ஈரம் இன்னொரு பெரிய விஷயம். வாய் திறந்தே இருந்தாலோ, ரப்பர் திரை போட்டு வேலை செய்தாலோ, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எனாமல் காய்ந்து வெளுத்துவிடும். பழைய நிறத்துக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். காய்ந்த பல்லின்மேல் எவ்வளவு நல்ல கருவியை வைத்தாலும், அது காய்ந்த பல்லின் நிறத்தைத் துல்லியமாகச் சொல்லும். அந்த எண்ணை நம்பிச் செய்த கேப், அடுத்த வாரம் ஈரமான பற்களுக்கு நடுவே வெள்ளை வெளேர் என்று தனியாக நிற்கும். எனவே நிறம் எடுப்பது அன்றைய முதல் வேலையாக இருக்க வேண்டும், பல்லை ராவுவதற்கு முன்பே. வெண்மையாக்கும் சிகிச்சை முடித்தவர்கள் கேப்புக்கு நிறம் எடுக்க இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். அதற்குள் நிறம் சற்றுத் திரும்பி நிலைகொள்ளும்.

எல்லாம் ஒழுங்காக நடந்து எண் சரியாக வந்தாலும், ‘ஏ2’ என்பது பல்லின் நிறம் ஆகிவிடாது. 16 மாதிரிகளில் அந்தப் பல்லுக்கு மிக அருகில் இருப்பது ஏ2 என்றுதான் கருவி சொல்கிறது. அருகில் என்றால் எவ்வளவு அருகில்? சில கருவிகள் அந்தத் தூரத்தையும் காட்டும், கேட்டுப் பாருங்கள். ஈறு ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று என்று ஒரே பல்லுக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. நடுவில் ஒரே இடத்தில் வைத்து எடுத்த எண்ணுக்கு மற்ற இரண்டும் தெரியாது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதல். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் கலந்து கிடக்கும். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பற்கள் தாடைக்குள் உருவாகும் வயதில் பழைய தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அந்தத் திட்டுகள் நிரந்தரம். அப்படி ஒரு பல்லின்மேல் கருவி முனையை வைத்தால், வெள்ளையையும் பழுப்பையும் கலந்து சராசரியாக ஒரு நிறத்தைச் சொல்லும். அந்தப் பல்லின் எந்த இடத்திலும் இல்லாத நிறம் அது. இங்கே நல்ல புகைப்படமும், அதைப் பொறுமையாகப் பார்க்கும் கண்ணும் முன்னால் வர வேண்டும். கருவி பின்னால் வரட்டும்.

புகைப்படம் என்றதும் லேபில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வாய்க்குப் பல் செய்கிற செராமிக் டெக்னீஷியன் பெரும்பாலும் நம்மைப் பார்ப்பதே இல்லை. அவருக்குக் கிடைப்பது ஓர் அச்சும் ஒரு சீட்டும். சீட்டில் ‘ஏ2’ என்று ஒரே சொல். அவர் கையில் இருக்கும் கைடு மாதிரி தடிமனானது. அவர் செய்ய வேண்டிய கேப்போ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்க வேண்டும். அடியில் இருப்பது வேர் சிகிச்சை முடிந்து கறுத்த பல்லா, உலோகத் தண்டா என்பதைச் சீட்டு சொல்வதில்லை. ஒளி ஊடுருவும் செராமிக் என்றால் அடியில் இருக்கும் கறுப்பு மேலே எட்டிப் பார்க்கும். ஒட்டும் சிமென்டின் நிறமும் கொஞ்சம் சேரும். கருவி கொடுத்த எண்ணின் மதிப்பு, அதோடு வேறென்ன தகவல் லேபுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பல்லும் கைடு மாதிரியும் ஒரே படத்தில் தெரியும்படி, மாதிரியின் பெயர் படிக்கும்படி எடுத்த ஒரு புகைப்படம். ராவிய பல்லின் நிறத்துக்குத் தனியாக ஒன்று. மூன்று பகுதிகளின் நிறத்தையும் குறித்துக் கையால் வரைந்த ஒரு படம். இவை சேர்ந்து போனால் அந்த டெக்னீஷியனின் கைக்கு வேலை செய்ய வழி பிறக்கும். படத்தில் சாம்பல் அட்டை ஒன்றையும் வைத்து, பளபளப்பை நீக்கும் குறுக்கு முனைவாக்க வடிகட்டியோடு எடுத்தால் அந்தப் படத்திலிருந்தே நிறத்தை அளக்கும் முறைகளும் வந்துவிட்டன. வாய்க்குள் ஸ்கேன் செய்யும் கருவிகளும் இப்போது நிறம் சொல்கின்றன. திரும்பத் திரும்ப ஒரே விடை தருவதில் அவை நன்றாகவே இருக்கின்றன, சரியாகச் சொல்வதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. அவற்றின் விடையைக் கைடு வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கடிதம் எழுதிய ஆசிரியைக்கு: அம்மா, உங்கள் மருத்துவர் கருவி வைத்திருப்பது நல்ல விஷயம். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் தவறுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் கேப் வந்ததும், ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலி விளக்கை அணைக்கச் சொல்லி, எழுந்து ஜன்னலோரம் போய், உங்கள் கைக்கண்ணாடியில் பாருங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் போவது நல்லது. சாயங்கால வெயிலின் செம்மை கண்ணை ஏமாற்றும். லிப்ஸ்டிக் வேண்டாம். கூட ஒருவரை அழைத்துப்போய், பேசுகிற தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்று பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் லேபுக்குத் திருப்பி அனுப்பி மேல்பூச்சில் திருத்த முடியும். ஒட்டிய பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. அக்கறையுள்ள மருத்துவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே இதைச் செய்வார்கள்.

இந்த இதழைப் படிக்கும் லேப் டெக்னீஷியன்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வரும் நிறச் சீட்டுகளில் என்ன இருக்கிறது, என்ன இருந்தால் உங்கள் வேலை சுலபமாகும் என்று எங்களுக்கு எழுதுங்கள். நோயாளியின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். உங்கள் கடிதங்களுக்கு அடுத்த இதழில் இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்